கொட்டச் சொன்ன தண்ணீர்

ஆர்.ஓ. மெஷினில் மெம்பரேனை எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்பதையெல்லாம் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லியிருப்பார்கள். எங்கள் காலத்தில் பயிற்சி என்று ஒன்று கிடையாது. அதனால் அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன். வேலை முடிந்து ஸ்பானரைப் பைக்குள் போட்டபிறகு, படி இறங்குவதற்கு முன்னால் ஒரு அரை நிமிஷம் இருக்கிறது பாருங்கள், அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். என் வேலைக்காலத்தில் நான் செய்த பெரிய தப்பு அந்த அரை நிமிஷத்தில் நடந்தது.

நான் சேர்ந்தது தொண்ணூறுகளின் பிற்பாதியில். தி. நகரில், உஸ்மான் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், ஒரு ஜவுளிக்கடை கோடவுனுக்கு மேலே எங்கள் கம்பெனி. வீட்டுக்குள் ஆர்.ஓ. என்பது அப்போது ஊருக்குப் புதுசு. பாதிப் பேர் 'தண்ணி மெஷின்' என்றுதான் சொல்வார்கள். கெமிஸ்ட்ரி படித்திருந்த என்னை டெலிபோனில் புகார் எழுதிக்கொள்ளத்தான் எடுத்தார்கள். ஒரு கோடையில் இரண்டு மெக்கானிக்குகள் அடுத்தடுத்து வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள். புகார் நோட்டு நிரம்பிக்கொண்டே போயிற்று. ஒருநாள் பையை நானே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மொபெட்டை நிறுத்திவிட்டு வாசலில் போய் நின்றால், ஒரு பெண் நிற்பதைப் பார்த்து, எனக்குப் பின்னால் மெக்கானிக் வருகிறாரா என்று எட்டிப் பார்ப்பார்கள். கொஞ்ச நாளில் அது பழகிவிட்டது, எனக்கும் அவர்களுக்கும்.

எங்களுக்கு ஒரு சீனியர் இருந்தார். பம்ப் ஓடுகிற சத்தத்தை டெலிபோனில் கேட்டே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவார். கோபக்காரர் இல்லை. புரட்டுப் பேசுகிறவரும் இல்லை. அந்தத் தப்புக்கு மறுநாள் அவர் எனக்குச் சொன்ன ஒரு யோசனையைக் கேட்டுவிட்டு அவரைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள் என்பதற்காக இதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

அடையாறிலும் ராஜா அண்ணாமலைபுரத்திலும் குடிப்பதற்காக மெஷின் வாங்கியவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்களில் அதிகம். மீனுக்காக வாங்கியவர் என் கணக்கில் ஒரே ஒருவர்: தேவராஜ். மயிலாப்பூரில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய ஒரு தெருவில் அவருக்கு மாடிப் போர்ஷன். அவர் வேலை பார்த்த தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள். கையில் கிடைத்ததைக் கொண்டு மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் போட்டு, கண்ணாடித் தொட்டிகள் வைத்து, வண்ண மீன் வளர்த்துக் கடைகளுக்குக் கொடுத்துவந்தார். ஏஞ்சல் மீன் நன்றாக வந்தது. ஆனால் அவருடைய ஆசை எல்லாம் டிஸ்கஸ் மீன்மேல்தான்.

டிஸ்கஸைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு சின்னத் தட்டை நிறுத்திவைத்தாற்போல வட்டமாக, தட்டையாக, வரிவரியாக இருக்கும். நம் ஊர் போர்த் தண்ணீரின் உப்பில் அது உயிரோடு இருந்தாலும் இருக்கும், முட்டை பொரிக்காது. தண்ணீர் மெத்தென்று உப்பில்லாமல் இருக்கவேண்டும். அதற்காகத்தான் மெஷின். பொரித்த குஞ்சுகளும் லேசுப்பட்டவை அல்ல. முதல் சில நாட்கள் தாய் தகப்பன் இரண்டின் உடம்பிலும் சுரக்கிற வழுவழுப்பைத்தான் தின்னும். வலை போட்டுத் தாயைத் தனியே எடுக்கமுடியாது. எடுத்தால் குஞ்சுகள் பட்டினியில் போய்விடும். தொட்டிக்குள் கையை விட்டுக் கலக்கினால், பெரிய மீன்கள் மிரண்டுபோய்க் குஞ்சுகளையே விழுங்கிவிடும். இரண்டு வருஷம் முயற்சி செய்து, ஏழெட்டு முறை முட்டை பூஞ்சை பிடித்துப் போய், அந்தக் கோடையில்தான் அவருக்கு முதன்முதலாகக் குஞ்சு பொரித்திருந்தது.

அந்த நேரம் பார்த்து மெஷின் மக்கர் செய்தது. தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது, அதிலும் உப்பு ஏறியிருந்தது. நான் போனேன். உப்பை வடிகட்டுகிற மெம்பரேன் அடைத்துப்போயிருந்தது. மாற்றினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் உங்களுக்குத் தெரியும், அந்த நாளில் வெளிநாட்டிலிருந்து வந்த மெம்பரேன்கள் கெட்டுப்போகாமல் இருக்க ஒரு மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, பையில் அடைத்து வரும். மாட்டியதும் முதல் ஒரு மணி நேரம் வருகிற சுத்தத் தண்ணீரில் அந்த மருந்தும் சேர்ந்து வரும். அதை எதற்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. தான் கலந்த தண்ணீரில் இருக்கிற ஆக்ஸிஜனைத் தின்றுவிடும்.

பையை மூடிக்கொண்டே தேவராஜின் மனைவி மல்லிகாவிடம் சொன்னேன், "முதல் ஒரு மணி நேரம் வர்ற தண்ணியக் கொட்டிடுங்க." தேவராஜ் அப்போது ஒரு கடைக்கு மீன் கொடுக்கப் போயிருந்தார்.

மல்லிகா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கொட்டறதா? எந்த ஊர்லம்மா கீற நீ?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த மெஷினுக்குள் போகிற தண்ணீர் குழாயில் வந்ததில்லை. விடியற்காலையில் லாரிக்கு வரிசையில் நின்று, குடம் குடமாகப் பிடித்து, இடுப்பில் வைத்து, அந்தக் குறுகல் படியில் இரண்டு மாடி ஏறி அவர் கொண்டுவந்து ஊற்றுகிற தண்ணீர். நாலு குடம் ஊற்றினால் மெஷின் ஒரு குடம்தான் நல்ல தண்ணீராகத் தரும். மீதி மூன்று குடம் உப்புத் தண்ணீராக வேறு குழாயில் வெளியே போய்விடும். அதைப் பாத்திரம் தேய்க்க, துணி அலச என்று வைத்துக்கொள்வார். கிடைத்த அந்த ஒரு குடத்தையும் கொட்டு என்று நான் சொல்கிறேன்.

மெஷின் ஓட ஆரம்பித்தது. மெல்லிய வெள்ளைக் குழாயில் பளிச்சென்று தண்ணீர் வந்தது. மல்லிகா அந்தக் குழாய் முனையை எடுத்து, ஷெட் மூலையில் இருந்த நீல ட்ரம்முக்குள் விட்டு, மூடியைச் சாய்த்து வைத்தார். அதுதான் மீன்தொட்டிக்குப் போகிற தண்ணீர் பிடிக்கிற ட்ரம்.

நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். ஏன் கொட்டவேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அடையாறில் ஒரு வீட்டில் காத்திருந்தார்கள். சொன்னால் மறுபடியும் 'எந்த ஊர்ல கீற' என்பார். நான் சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்று மனசுக்குள் ஒரு குரல். சிரித்துவைத்துவிட்டுப் படி இறங்கிவிட்டேன். அந்த அரை நிமிஷம் இதுதான்.

மறுநாள் மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் டெலிபோன். தேவராஜ் எப்போதும் நிதானமாகப் பேசுகிறவர். அன்றைக்குக் குரலே வேறு மாதிரி இருந்தது.

"மேடம், மீன் ரெண்டும் மேல வந்து வாயத் தொறந்துகினு கீது. குஞ்சுங்கல்லாம் அப்பன், ஆத்தாள உட்டுட்டு செதறிப் போச்சு. இன்னா மருந்து போட்டீங்க மெஷின்ல?"

அவர் கோபத்தில் சொன்ன வார்த்தை. அது எவ்வளவு உண்மை என்று அவருக்கும் தெரியாது, அந்த நொடியில் எனக்கும் தோன்றவில்லை. மயிலாப்பூருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று நினைவில்லை. லஸ் பக்கத்தில் கடைகளெல்லாம் ஜெனரேட்டர் ஓட்டிக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பகுதி முழுக்கக் கரண்ட் இல்லை.

ஷெட்டுக்குள் வெயில் கொதித்தது. ஏர் பம்ப் நின்றுபோய், தொட்டிகளில் ஒரு குமிழிகூட இல்லை. டிஸ்கஸ் இரண்டும் நிறம் கறுத்து, தண்ணீரின் மேல்மட்டத்தில் சாய்ந்தாற்போல நின்று வாயை விரித்து விரித்து மூடின. குஞ்சுகள் கடுகைத் தூவியதுபோல இங்கும் அங்கும் சிதறிக் கிடந்தன. தேவராஜ் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். மல்லிகா கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"பத்து மணிக்குத் தண்ணி மாத்தினேன். அப்பவே கொஞ்சம் கறுத்தாப்ல இருந்துச்சு. கரண்ட் போனப்புறம் சுத்தமா மேல வந்துடுச்சு."

உப்பைக் காட்டுகிற மீட்டரை எடுத்துத் தொட்டியில் நனைத்தேன். அருமையான எண். இதைவிட நல்ல தண்ணீர் அந்த ஷெட்டுக்கு வந்ததில்லை.

"மீட்டர் நல்லா கீதுன்னு சொல்லுது. மீனு சாவுது" என்றார் தேவராஜ்.

நான் தெருமுனை பி.சி.ஓ.வுக்கு ஓடினேன். பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் கிடைக்குமா என்று கேட்கத்தான் சீனியரைக் கூப்பிட்டேன். அவர் முழுவதும் கேட்டுக்கொண்டு, அமைதியாகச் சொன்னார்:

"ஏம்மா வசந்தா, இதுல பயப்பட என்ன இருக்கு? கரண்ட் போச்சு, பம்ப் நின்னுச்சு, மீனுக்கு மூச்சு முட்டுது. மெஷின்ல தப்பில்லேன்னு சொல்லிட்டு வா. பேட்டரி பம்ப் இங்க இல்ல. நான் வேற ஏதாவது பாக்கறேன்."

என் நெஞ்சிலிருந்து ஒரு பாறையை யாரோ இறக்கிவைத்தாற்போல இருந்தது. கரண்ட்! கரண்ட் போனதற்கு நான் என்ன செய்யமுடியும்? அந்தத் தெரு முழுக்கச் சாட்சி. திரும்பி நடந்துவரும்போது எப்படிச் சொல்லவேண்டும் என்று வாக்கியம்கூட அமைத்துக்கொண்டேன்.

படி ஏறி ஷெட் வாசலில் நின்றபோது எதிரில் ஏஞ்சல் மீன் தொட்டி தெரிந்தது. அதே ஷெட். அதே வெயில். அதே கரண்ட் கட். பம்ப் நின்று ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகியிருந்தது. ஏஞ்சல்கள் பாட்டுக்கு நடுத்தண்ணீரில் நின்று துடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தன. ஒன்றுகூட மேலே வரவில்லை.

"ஏஞ்சலுக்கு இன்னைக்குத் தண்ணி மாத்தினீங்களா?"

"இல்ல மேடம். டிஸ்கஸுக்கு மட்டுந்தான்."

நீல ட்ரம்மிடம் போய் மூடியைத் தூக்கி, உள்ளே முகத்தை விட்டேன். தீக்குச்சியை உரசி அணைத்தவுடன் வருமே, மூக்கைச் சுருக்கவைக்கிற அந்த வாடை. லேசாகத்தான் இருந்தது. ஆனால் அதுதான்.

நான் நிமிர்வதற்குள் தேவராஜ் எழுந்து பிளாஸ்டிக் வாளியோடு பக்கத்தில் வந்துவிட்டார். "தள்ளிக்கோங்க. இன்னொரு அரை ட்ரம் புதுத் தண்ணி ஊத்திட்டா தெளிஞ்சிடும்" என்றபடி வாளியை ட்ரம்முக்குள் அமிழ்த்தினார்.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். உங்களுக்கு இந்த வேலையில் நெருக்கடி என்றால் குழாய் வெடிப்பதும் ஷாக் அடிப்பதும்தான் ஞாபகம் வரும். எனக்கு அந்த வாளிதான் வரும். கரண்ட் என்று சொல்லிவிட்டால் நான் தப்பித்தேன், ஆனால் அந்த வாளி தொட்டிக்குப் போய்விடும். நல்ல மனுஷன், தன் கையாலேயே ஊற்றிவிடுவார். ட்ரம் தண்ணீர் கெட்டது என்று சொன்னால், ஏன் கெட்டது என்று கேட்பார். அதற்கும் ஒரு பதில் தயாராக இருந்தது, அதில் பொய்யும் கிடையாது: 'கொட்டச் சொன்னேன், உங்க வீட்டம்மா கொட்டல.' கதவோரத்தில் மல்லிகா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்காகக் காத்திருந்தார்.

வாளியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஊத்தாதீங்க. இந்தத் தண்ணிதான் காரணம். புது மெம்பரேன்ல ஒரு மருந்து இருக்கும். முதல் ஒரு மணி நேரத் தண்ணில அது வந்துடும். அந்தத் தண்ணி இந்த ட்ரம்முல விழறத நேத்து நான் என் கண்ணால பாத்தேன். பாத்துட்டுச் சும்மா போயிட்டேன். தப்பு என்னோடது."

தேவராஜ் என்னையே பார்த்தார். வாளியை விடவில்லை.

"ரெண்டு வருசம் மேடம்" என்றார். அவ்வளவுதான். கத்தியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

பிறகு வாளியைக் கீழே வைத்தார். "இப்போ இன்னா பண்ணணும், அத்த சொல்லுங்க."

மருந்து எதுவும் போடப்போவதில்லை என்று முதலில் தீர்மானித்தேன். என் பையில் இருந்ததையோ, சமையலறையில் இருந்த சோடா உப்பையோ போட்டு, ஒரு தப்பின்மேல் இன்னொரு தப்பை வைக்க எனக்குத் தைரியமில்லை. அந்த மருந்து ஆக்ஸிஜனைத் தின்கிறது. தின்னத் தின்ன அதுவே தீர்ந்தும் போகும். அதைவிட வேகமாக நாம் காற்றைக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"மக்குல மொண்டு மொண்டு ஊத்தணும். காத்து கலக்கற மாதிரி உயரத்துலேர்ந்து."

"மீனு மெரண்டா குஞ்ச முழுங்கிடும்."

அதற்கு நான் யோசித்திருக்கவில்லை. மல்லிகாதான் கதவோரத்திலிருந்து வந்தார். ஒரு சல்லடைத் தட்டைத் தொட்டியின் ஒரு மூலையில், கண்ணாடியின் விளிம்பில் சாய்த்து வைத்தார். "இதுமேல ஊத்துங்க. மழ மாரி விழும். அதுங்க அந்தாண்ட போய் நின்னுக்கும்." சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல், ஏஞ்சல் தொட்டியைக் காட்டினார். "அது பழய தண்ணிதான? அத்தக் கொஞ்சம் எடுத்து இதுல உட்டா ஆவாதா?"

ஆகும். எனக்கு அது தோன்றவே இல்லை. மெம்பரேன் கெடுவதற்கு முன்னால் அதே மெஷினில் பிடித்து ஊற்றியிருந்த தண்ணீர். மீன் இரண்டுக்கும் பழக்கமான தண்ணீர்.

மெல்லிய குழாயில் டிஸ்கஸ் தொட்டியின் அடியிலிருந்து உறிஞ்சி வெளியே எடுப்பது தேவராஜ், ஏஞ்சல் தொட்டியிலிருந்து மொண்டு கொடுப்பது நான், சல்லடையில் ஊற்றுவது மல்லிகா. கொஞ்சம் மாற்றியதும் நிறுத்திவிட்டு, அந்தத் தொட்டித் தண்ணீரையே மொண்டு திரும்பத் திரும்பச் சல்லடையில் ஊற்றினோம். குடம் தூக்கிப் பழகிய கை மல்லிகாவுடையது, அசராமல் ஊற்றிக்கொண்டே இருந்தது. எனக்குத் தோள் கழன்றுவிடும்போல இருந்தது. மீன்கள் மேலேயேதான் நின்றன. பெரியதில் ஒன்று ஒருமுறை பக்கவாட்டில் சாய்ந்து, தேவராஜ் 'டேய், டேய்' என்று கூப்பிட, மெல்ல நிமிர்ந்தது.

எவ்வளவு நேரம் கழித்து என்று தெரியாது, படியில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. சீனியர். இரண்டு கையாலும் ஒரு ஸ்கூட்டர் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஏறிவந்தார். தன் வண்டியின் ஸ்டெப்னியைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"பம்ப் கிடைக்கல. காத்து இருக்கு" என்றார்.

டயரின் வால்வில் ஏர் பம்ப்பின் மெல்லிய குழாயைப் பொருத்தி, நூல் சுற்றி இறுக்கி, குழாயைத் துணி க்ளிப்பால் நெருக்கிவிட்டார். மறுமுனையில், தொட்டிக்குள் கிடந்த காற்றுக் கல்லின் துளைகளிலிருந்து மணிமணியாகக் குமிழ்கள் கிளம்பின. மல்லிகா மக்கைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அந்த டயர் கால் மணி நேரத்துக்குமேல் தாங்கவில்லை. சீனியர் அதைத் தூக்கிக்கொண்டு கீழே சைக்கிள் கடைக்கு ஓடி, கைப்பம்பில் காற்றடித்துக்கொண்டு மறுபடியும் ஏறிவந்தார். அப்படி எத்தனை முறை ஏறி இறங்கினாரோ. ஐம்பதைத் தாண்டிய மனுஷர், சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. டயர் கீழே போகிற இடைவெளியில் நாங்கள் மக்கை எடுத்துக்கொண்டோம்.

முதலில் இறங்கியது தாய் மீன்தான். மேல்மட்டத்திலிருந்து ஒரு சாண் கீழே போய் நின்றது. நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் திரும்ப மேலே வந்துவிடும் என்பதுபோல. அப்புறம் ஆண் மீனும் இறங்கியது. கறுப்பு நிறம் வெளிற ஆரம்பித்து, உடம்பில் வரிகள் தெரிந்தன. சிதறிக் கிடந்த குஞ்சுகளில் ஒன்று, பிறகு நாலைந்து, பிறகு ஒரு கூட்டமே, ஆண் மீனின் விலாவில் போய் ஒட்டிக்கொண்டு கொத்தித் தின்ன ஆரம்பித்தன. அடியில் சில குஞ்சுகள் வெள்ளையாகக் கிடந்தன. ஆனால் ஒட்டிக்கொண்டவைதான் அதிகம்.

தேவராஜ் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "துன்னுது மேடம்" என்றார். "துன்னுது, பாருங்க. மல்லி, வந்து பாரேன், துன்னுது."

கவிழ்த்துவைத்திருந்த ஒரு குடத்தின்மேல் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஏதோ வந்தது. சீனியர் தன் கைக்குட்டையை நீட்டினார், அது கிரீஸ் நாற்றம் அடித்தது, அப்படியே முகத்தைத் துடைத்துக்கொண்டேன். நாலு மணிவாக்கில் கரண்ட் வந்தது. ஏர் பம்ப் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியதும் நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அதற்குமேல் எங்களுக்கு அது தேவைப்படவில்லை, ஆனாலும் எவ்வளவு நல்ல சத்தம்!

தேவராஜ் டீ வாங்கிவரக் கீழே போனார். அப்போதுதான் சீனியர் என்னிடம் தணிந்த குரலில் கேட்டார், "கரண்ட்டுன்னுதான் சொன்னியா?"

"இல்ல சார். உண்மையச் சொல்லிட்டேன். அவர் அந்த ட்ரம் தண்ணிய வாளில எடுத்துட்டார்."

அவர் நீல ட்ரம்மைப் போய்ப் பார்த்தார். மூடியைத் தூக்கி முகர்ந்தார். பிறகு, "நல்லவேளை, நான் சொன்னத நீ கேக்கல" என்றார். அதன்பிறகு அவர் டெலிபோனில் யாருக்கும் காரணம் சொல்லி நான் கேட்டதில்லை. 'பாத்துட்டுச் சொல்றேன்' என்பார்.

இனிமேல்தான் நான் உங்களுக்குச் சொல்லவந்தது.

கிளம்பும்போது மல்லிகா என்னோடு படியில் இறங்கிவந்தார். நடுப்படியில் நின்று, "நான்தான் ட்ரம்முல உட்டேன்னு நீ சொல்லிருக்கலாம். ஏம்மா சொல்லல?" என்று கேட்டார்.

"நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன்."

அவர் தலையாட்டினார். பிறகு, "அந்த ட்ரம்முல கீற தண்ணி, மீனுக்குத்தான் ஆவாது. தர கழுவ ஆவுமா?" என்றார்.

"தாராளமா ஆகும். தரை கழுவலாம், கக்கூஸுக்கு ஊத்தலாம்."

மல்லிகா என்னை முறைத்தார். நிஜமான கோபம், அன்று முழுக்க அவர் முகத்தில் நான் பார்க்காத கோபம்.

"அத்த நேத்தே சொல்லிருந்தா நான் ஏன் மீன் ட்ரம்முல உடப்போறேன்? வாளில புடிச்சு வச்சிருப்பேனே! நீ கொட்டுன்னு சொன்ன. தண்ணியக் கொட்டுன்னா எவ கொட்டுவா?"

இத்தனை நேரமும் நான் வாய்மூடிப் போனதுதான் என் தப்பு என்று நினைத்திருந்தேன். அது பாதி. மீதி, வாய்திறந்து நான் சொன்ன வார்த்தையிலேயே இருந்தது. இரண்டு மாடி தண்ணீர் சுமந்து ஏறுகிற ஒருத்தியிடம் அவளால் செய்யமுடியாத ஒரு காரியத்தைச் சொல்லிவிட்டு, சொல்லியாகிவிட்டது என்று பையை மூடியிருக்கிறேன்.

மறுநாள் சீனியரிடம் இதைச் சொன்னேன். அவர், வேலைக்குப் போகும்போது நாங்கள் எடுத்துப்போகிற ஜாப் கார்டை எடுத்து, 'முதல் ஒரு மணி நேரத் தண்ணீரைக் கொட்டவும்' என்று அச்சடித்திருந்த வரியைப் பேனாவால் அடித்தார். மேலே என்ன எழுதலாம் என்று என்னையே கேட்டார். 'முதல் ஒரு மணி நேரத் தண்ணீரை வாளியில் பிடித்து, வீடு கழுவ வைத்துக்கொள்ளவும். குடிக்கவும் மீனுக்கும் கூடாது' என்று சொன்னேன். அதற்குப்பிறகு நான் மாட்டிய எந்த வீட்டிலும் அந்தத் தண்ணீர் தப்பான இடத்துக்குப் போனதில்லை. ஒரு வீட்டிலும் யாரும் என்னை எந்த ஊர் என்று கேட்டதுமில்லை.